விக்கெட் கீப்பர் எழுந்திருக்கக் கற்ற கதை

சுரண்டை கீழத்தெருவில் கொம்பையா என்று ஒரு தபால்காரர் இருந்தார். வயது ஐம்பத்தொன்று. தெருவின் கிரிக்கெட் குழுவுக்குப் பெயர் இளைஞர் அணி. அதில் இருபத்தாறு வருஷமாக அவர்தான் விக்கெட் கீப்பர். இதில் யாரும் எந்தக் குறையும் கண்டதில்லை, அந்த ஆவணி மாசத்து ஞாயிற்றுக்கிழமை வரைக்கும்.

அன்று ஸ்டம்புக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்தார். பந்து வந்தது. போனது. கொம்பையா எழவில்லை.

"என்ன அண்ணாச்சி, எதையும் தேடுதீங்களா?" என்று பேட்ஸ்மேன் திரும்பிப் பார்த்துக் கேட்டான்.

"ஆமா. என் முட்டியத் தேடுதேன்."

பேட்ஸ்மேன் ஒரு பக்கமும் அம்பயர் ஒரு பக்கமும் அக்குளில் கை கொடுத்துத் தூக்கி நிறுத்தினார்கள். மைதானமே சிரித்தது. கொம்பையாவும் சிரித்தார். வீட்டுக்குப் போகிற வழியில்தான் சிரிப்பு நின்றது.

அடுத்த வாரம் கேப்டன் அருள்ராஜ் தபாலாபீசுக்கே வந்தான். நல்ல பையன். வார்த்தையைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றான்.

"அண்ணாச்சி, பொங்கல் டோர்னமெண்ட்ல நீங்க ஸ்கோர் புக்கப் பாத்துக்கிடுங்களேன். ஒங்க கையெழுத்து நல்லாருக்கும்."

கொம்பையா கடிதக் கட்டை எடுத்துக்கொண்டு கிளம்பினார். அன்று ஒரு கடிதத்தை வீடு மாற்றிப் போட்டுவிட்டார். இருபத்தேழு வருஷ வேலையில் அது இரண்டாவது முறை.

தென்காசி டாக்டர் முட்டியை அமுக்கிப் பார்த்தார். படம் எடுத்துப் பார்த்தார். "எலும்புல ஒண்ணும் இல்ல. தொடைச் சதை வத்திப்போச்சு. முட்டியத் தாங்குறதே அதுதான். விவரம் தெரிஞ்ச ஆள்கிட்ட போயி காலுக்குப் பலம் சேருங்க."

சுரண்டையில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் மாடியில் ஒரு ஜிம் இருந்தது. விடிந்தும் விடியாமல் கொம்பையா படியேறினார். ஒவ்வொரு படியையும் கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து ஏறினார். உள்ளே இருபத்தெட்டு, முப்பது வயதுப் பெண் ஒருத்தி இரும்பு பிளேட்டுகளைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"மாஸ்டர் எப்ப வருவாரும்மா?"

"வந்தாச்சு அண்ணாச்சி. நாந்தான். பெனிட்டா."

கொம்பையா வாசலைத் திரும்பிப் பார்த்தார். இறங்க வேண்டிய படிகளை நினைத்தார். ஏறியதே போதும் என்று தோன்றியது. நின்றுவிட்டார்.

"என்ன வேணும் அண்ணாச்சி?"

"கால்ல பலம் வேணும்."

"எதுக்கு?"

"குந்தி உக்கார."

"உக்கார முடியலயா?"

"உக்காந்துருவேன். எந்திக்கத்தான் முடியல."

"அப்ப எந்திக்க வேணும்னு சொல்லுங்க" என்றாள் பெனிட்டா. "அதுக்குத்தான் ஃபீஸ்."

அவரை ஒரு மெஷின் முன்னால் கூட்டிப்போனாள். இரண்டு இரும்புத் தூண்கள். நடுவில் குறுக்காக ஒரு கம்பி, தண்டவாளத்தில் ஓடுவது போல மேலும் கீழும் ஓடும். தூண் நெடுக, அடிக்கொன்றாகக் குமிழ்கள். கம்பியில் கொக்கிகள். மணிக்கட்டை ஒரு பக்கம் திருப்பினால் கொக்கி விடும். மறு பக்கம் திருப்பினால் பக்கத்திலிருக்கும் குமிழில் மாட்டிக்கொள்ளும்.

"ஸ்குவாட் மெஷின்" என்றாள். "கழுத்துல வைக்கக் கூடாது. கழுத்துக்குக் கீழ, தோள் சதையில. ம். இப்ப விடுங்க. மாட்டுங்க."

கொம்பையா விட்டார். மாட்டினார்.

"இன்னும் கொஞ்சம் கீழ. மாட்டுங்க."

மாட்டினார்.

"கால் முட்டி மடங்கட்டும். அங்க நிறுத்துங்க. மாட்டுங்க."

அன்றைக்கு முழுக்க அதுதான். விடுவதும் மாட்டுவதும். ஒரு பிளேட் கூட ஏற்றவில்லை. அடுத்த நாளும் அதேதான். மூன்றாம் நாள் கண்ணை மூடிக்கொண்டு மாட்டச் சொன்னாள். கொம்பையாவுக்குப் பொறுக்கவில்லை.

"ஏம்மா, நான் எடை தூக்க வந்தேன். நீ என்னைய ஜன்னல் கொக்கி மாட்ட வச்சிருக்க."

"எவ்வளவு தூக்கணும்?"

அவர் சுற்றிலும் பார்த்தார். பக்கத்தில் ஒரு கட்டுமஸ்தான ஆள் தூக்கிக்கொண்டிருந்ததைக் காட்டினார். "அவ்வளவு."

பெனிட்டா இருபது இருபது கிலோவாகப் பிளேட்டுகளை மாட்டினாள். பக்கத்து ஆள் கொண்டுவந்து கொடுத்ததையும் மாட்டினாள். கம்பி கனத்தில் முனகியது. தூண்களில் இரண்டு பக்கமும் ஸ்டாப்பர் என்று தடித்த இரும்புக் கட்டைகள், வேண்டிய உயரத்து ஓட்டையில் செருகிக்கொள்ளலாம். குனிந்து, அவற்றைத் தன் இடுப்பளவுக்குச் சற்றுக் கீழே ஒரே உயரத்தில் வைத்துத் தட்டிப் பார்த்தாள்.

பிறகு கம்பிக்கு அடியில் அவளே போய் நின்றாள்.

ஒரு முறை இறங்கி எழுந்தாள். இரண்டாம் முறை. ஐந்தாம் முறை முகம் சிவந்தது. எட்டாம் முறை இறங்கினாள். எழவில்லை. அப்படியே கீழே விட்டாள்.

டமார் என்று ஒரு சத்தம். கீழே டீக்கடையில் நின்றவர்கள் அண்ணாந்து பார்த்திருப்பார்கள். கொம்பையா கண்ணை மூடிவிட்டார். திறந்தபோது கம்பி ஸ்டாப்பர் மேல் உட்கார்ந்திருந்தது. அதற்கு அடியிலிருந்து பெனிட்டா தவழ்ந்து வெளியே வந்தாள். வந்தவள் கால்சட்டை முட்டியைத் தட்டிவிட்டுச் சிரித்தாள்.

"முடியல அண்ணாச்சி" என்றாள்.

"மனுசனுக்கு உசுரே போச்சு."

"எனக்குப் போகலயே."

கொம்பையா கம்பியைப் பார்த்தார். ஸ்டாப்பரைப் பார்த்தார். பிளேட்டுகளைக் கழற்றி, வெறும் கம்பியை மேலே ஏற்றி, அதற்கு அடியில் போய் நின்றார்.

"எங்க மாட்டணும் மாஸ்டர்?"

அன்றுதான் அந்த வார்த்தை அவர் வாயிலிருந்து வந்தது. இந்தக் கதையும் இனி அவளை அப்படியே அழைக்கும்.

இரண்டாம் வாரம் மாஸ்டர் அவரை இறங்கவிட்டார். கால்கள் தோள் அகலத்துக்கு, கம்பிக்குச் சற்று முன்னால், விரல்கள் லேசாக வெளியே பார்க்க. மூச்சை இழுத்துக்கொண்டு மூன்று எண்ணி இறங்க வேண்டும். விட்டுக்கொண்டே எழ வேண்டும். பின்னால் ஒரு நாற்காலி இருக்கிறது, அதில் அமரப் போகிறோம் என்று நினைத்துக்கொள்ள வேண்டும்.

கொம்பையா நினைத்துக்கொண்டார். இறங்கினார். இரண்டு குதிகாலும் தரையை விட்டுக் கிளம்பின.

"அண்ணாச்சி, நாளைக்கு ரெண்டு போஸ்ட் கார்டு கொண்டுவாங்க."

"யாருக்கு எழுதணும்?"

"ஒங்க குதிகாலுக்கு."

மறுநாள் ஒவ்வொரு குதிகாலுக்கும் அடியில் ஒரு அஞ்சலட்டை வைத்தார் மாஸ்டர். கொம்பையா இறங்கும்போது பின்னாலிருந்து மெல்ல இழுப்பார். அட்டை கையோடு வந்தால் குதிகால் கிளம்பிவிட்டது என்று அர்த்தம்.

முதல் வாரம் எல்லா அட்டையும் வந்தது.

"ஆள் வீட்டுல இல்ல, கார்டு திரும்பி வந்துட்டு" என்பார் மாஸ்டர் ஒவ்வொரு முறையும்.

வலது முட்டி உள்பக்கமாகச் சாய்ந்தது. அதற்கு மாஸ்டர் கையால் தொட்டுத் திருத்தவில்லை. எதிரே கண்ணாடியைத் துடைத்துவைத்து, "அந்த ஆளு முட்டி எங்க போவுதுன்னு பாத்து, கால் பெருவிரல் பக்கமா வரச் சொல்லுங்க" என்றார். கொம்பையா கண்ணாடியில் இருந்த ஆளிடம் தினமும் சொல்லிப்பார்த்தார். அந்த ஆள் கொஞ்சம் கொஞ்சமாகக் கேட்க ஆரம்பித்தான்.

வீட்டில் அவர் மனைவி முத்துப்பேச்சி ஒரு நாள் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். கொம்பையா தண்ணீர்க் குடத்துக்கு முன்னால் கையை நீட்டிக்கொண்டு மெதுவாக இறங்கிக்கொண்டிருந்தார்.

"என்ன, குடத்துக்கிட்ட மன்னிப்பு கேக்கீகளா?"

"பேசாத. எண்ணிட்டிருக்கேன்."

"இந்த வயசுல எண்ணி என்ன ஆவப்போவுது?" என்றவள், உள்ளே போகாமல் அங்கேயே நின்று தானும் எண்ணினாள். கொம்பையா பன்னிரண்டில் நிறுத்தினார். "ஏன், பதிமூணு வராதோ?" என்றாள்.

ஐப்பசி கடைசியில் ஒரு நாள் மாஸ்டர் பின்னாலிருந்து அட்டையை இழுத்தார். வரவில்லை. மறுபடி இழுத்தார். கிழிந்தது. பாதி அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு மாஸ்டர் ஜிம் முழுக்கக் கேட்கும்படி கத்தினார்.

"ஆள் வீட்டுல இருக்காரு!"

எல்லோரும் கை தட்டினார்கள். எதற்கு என்று பாதிப் பேருக்குத் தெரியாது. அன்றைக்குத்தான் முதல் பிளேட் ஏறியது. பக்கத்துக்கு இரண்டரை கிலோ. கார்த்திகையில் அது பத்தானது. கொம்பையா மாடிப்படியில் கைப்பிடியைத் தொடுவதை நிறுத்தியிருந்தார். எப்போது நிறுத்தினார் என்று அவருக்கே தெரியவில்லை.

அந்த மாதம் மாஸ்டர் எடை தூக்கும் போட்டிக்காக மூன்று நாள் மதுரைக்குப் போனார். போகும்முன், "அண்ணாச்சி, பத்து பத்துக்கு மேல வேண்டாம்" என்றார். கொம்பையா தலையாட்டினார்.

மறுநாள் காலை அருள்ராஜ் ஜிம்முக்கு வந்தான். கொம்பையாவைப் பார்க்கத்தான் வந்தான்.

"அண்ணாச்சி எடை தூக்குதாருன்னு ஊரே சொல்லுது. பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

பத்தைத் தூக்கிக் காட்டலாம். ஆனால் அருள்ராஜின் கண் பத்து கிலோ பிளேட்டைத் தாண்டிப் போய்விட்டது. கொம்பையா அதைப் பார்த்தார். இருபத்தைந்து கிலோ பிளேட் ஒன்றை உருட்டிக்கொண்டு வந்து மாட்டினார். மறு பக்கம் இன்னொன்று.

முதல் தடவை எழுந்துவிட்டார். அருள்ராஜ் விசிலடித்தான். இரண்டாம் தடவை இன்னும் கீழே போனால் என்ன என்று தோன்றியது. போனார்.

கீழே போனதும் எல்லாம் ஒரே நேரத்தில் நடந்தது. குதிகால் கிளம்பியது. வலது முட்டி உள்ளே சாய்ந்தது. முட்டிக்குள் யாரோ கிள்ளியது போல இருந்தது. மேலே தள்ளினார். கம்பி நகரவில்லை. ஸ்டாப்பரில் போட்டுவிடலாம் என்று நினைத்தார். ஸ்டாப்பர், அதற்கு முன்பு யாரோ மாற்றிவைத்தபடி, தரையோரத்தில் கிடந்தது. தொடங்கும்முன் அதை அவர் பார்க்கவே இல்லை.

கம்பியைக் கீழே விடுவதற்குள் மணிக்கட்டு தானாகத் திரும்பியது.

கிளிக்.

தோளில் இருந்த கனம் போய்விட்டது. கம்பி தூணில் தொங்கிக்கொண்டிருந்தது. கொம்பையா அதற்கு அடியிலிருந்து தவழ்ந்து வெளியே வந்து, தரையில் உட்கார்ந்து, சிரிக்க ஆரம்பித்தார். கண்ணில் தண்ணீர் வருகிற சிரிப்பு.

"அண்ணாச்சி! என்ன ஆச்சு?" அருள்ராஜ் ஓடிவந்தான்.

"மாட்டிட்டேம்ல! கண்ண மூடிக்கிட்டே மாட்டிட்டேன்!"

அருள்ராஜ் கை நீட்டினான். கொம்பையா அதைப் பிடிக்கவில்லை. ஒரு காலை ஊன்றி, மறு காலை ஊன்றி, தானே எழுந்தார். அருள்ராஜ் நீட்டிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் தலையைச் சொறிந்தான்.

"பொங்கலுக்கு ஸ்கோர் புக்க யாருகிட்ட குடுக்கன்னு யோசிக்கேன்" என்றான்.

நான்காம் நாள் மாஸ்டர் வந்தார். கொம்பையா வாசலிலேயே நின்றிருந்தார். கேட்கும்முன் எல்லாவற்றையும் சொன்னார். எதையும் குறைக்கவில்லை.

"பக்கத்துக்கு எவ்வளவு?"

"இருபத்தஞ்சு."

"முட்டி?"

"ரெண்டு நாள் வலிச்சுது. இப்ப இல்ல."

"ஸ்டாப்பர் எங்க இருந்துச்சு?"

"பாக்கல மாஸ்டர்."

மாஸ்டர் போய் இரண்டு ஸ்டாப்பரையும் ஒரு முறை தட்டிப் பார்த்தார்.

"இந்த வாரம் எடை கிடையாது. கம்பிய எடுக்கதுக்கு முன்னால ரெண்டு ஸ்டாப்பரையும் கையால தொட்டு எனக்குச் சொல்லணும்."

"சரி மாஸ்டர்." பிறகு தயங்கிக் கேட்டார். "போட்டி என்னாச்சு?"

"மூணாவது தூக்குல நூத்தி நாப்பது கிலோ கேட்டேன். கீழ போனேன். போனது போனதுதான். ரெண்டு பக்கமும் நின்ன ஆளுங்க பிடிச்சு எடுத்தாங்க."

"அடடா. அப்ப தோத்துட்டீங்களா?"

"ரெண்டாவது வந்தேன்" என்றார் மாஸ்டர். "அந்த ரெண்டு ஆளுங்க இருக்கப்போயி தை மாசம் திருச்சி போட்டிக்குப் போறேன்."

கொம்பையா போய் இரண்டு ஸ்டாப்பரையும் தொட்டார். "இது ஒண்ணு. இது ரெண்டு" என்று உரக்கச் சொன்னார்.

பொங்கலுக்கு மறுநாள் மைதானத்தில் கூட்டம். கீழத்தெருவுக்கும் வடக்குத்தெருவுக்கும் பத்து ஓவர் ஆட்டம். வடக்குத்தெரு இரண்டாவதாக மட்டை பிடித்தது. கொம்பையா கையுறையை மாட்டிக்கொண்டு ஸ்டம்புக்குப் பின்னால் போய் நின்றபோது வடக்குத்தெருப் பக்கமிருந்து யாரோ, "ரெண்டு பேரு தயாரா நில்லுங்கடே, தூக்கணும்!" என்று கத்தினார்கள். சிரிப்பு.

கொம்பையா குந்தினார். பந்து வந்தது. பிடித்தார். எழுந்தார்.

"ஒண்ணு!" என்று ஒரு குரல் கேட்டது. பெண்கள் பக்கத்திலிருந்து. முத்துப்பேச்சி.

கொம்பையா அந்தப் பக்கம் பார்க்காமல் மறுபடி குந்தினார்.

"ரெண்டு!" இப்போது நாலைந்து குரல்கள்.

மூன்றாவது ஓவருக்குள் கீழத்தெரு முழுக்க எண்ணியது. ஐந்தாவது ஓவரில் வடக்குத்தெருக்காரர்களும் சேர்ந்துகொண்டார்கள். ரன் எத்தனை என்று கேட்டால் யாருக்கும் தெரியவில்லை. கொம்பையா எத்தனை என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. நாற்பத்தொன்றில் லெக் பக்கம் போன பந்தைப் பாய்ந்து தடுத்தார். நாற்பத்தேழில் பந்து கையுறைக்குள் வந்த வேகத்தில் ஸ்டம்பைத் தட்டினார். பேட்ஸ்மேன் திரும்பிப் பார்ப்பதற்குள் அம்பயரின் விரல் மேலே போய்விட்டது. அதற்கும் கூட்டம் "நாப்பத்தேழு!" என்றுதான் கத்தியது.

கடைசிப் பந்து. வடக்குத்தெருவுக்கு மூன்று ரன் வேண்டும். மட்டையில் பட்ட பந்து தென்னைமரங்களைத் தாண்டிப் போனது. கீழத்தெரு தோற்றது.

"அறுபது!" என்று மைதானம் கத்தியது.

அருள்ராஜ் தலையில் கை வைத்துக்கொண்டு நின்றான். வடக்குத்தெருவார் ஓடிவந்தார்கள். தங்கள் ஆளைத் தூக்கப் போகிறார்கள் என்று பார்த்தால் நேரே கொம்பையாவிடம் வந்தார்கள். கொம்பையா கையைக் காட்டி அவர்களை நிறுத்தினார். எல்லோரும் பார்க்க, பந்தும் இல்லாமல் பந்துவீச்சாளனும் இல்லாமல், மூன்று எண்ணிக் குந்தினார். எழுந்தார்.

"அறுபத்தொண்ணு" என்றாள் முத்துப்பேச்சி, தனியாக. தொண்டை கட்டியிருந்தது.

திங்கட்கிழமை காலை ஒரு பொட்டலம் கருப்பட்டி மிட்டாயுடன் கொம்பையா ஜிம்முக்குப் போனார்.

"தோத்துட்டோம் மாஸ்டர்."

"மூஞ்சி அப்படிச் சொல்லலயே." மாஸ்டர் ஒரு மிட்டாயை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். "முட்டி?"

"பஞ்சு மாதிரி இருக்கு. அதான் ஒண்ணு கேக்கணும்." கொம்பையா மெஷின் பக்கம் போய் நின்றார். "இதுவரைக்கும் நீங்க வச்ச எடத்துலயே நின்னேன். இன்னும் கீழ போகணும்போல இருக்கு. எவ்வளவு கீழ போகலாம் மாஸ்டர்?"

மாஸ்டர் இரண்டு ஸ்டாப்பரையும் ஒரு ஓட்டை இறக்கி வைத்தார். பிளேட்டுகளைக் கழற்றிவிட்டார்.

"போயிட்டு வாங்க."

கொம்பையா ஸ்டாப்பர்களைத் தொட்டார். மூன்று எண்ணி இறங்கினார். எழுந்தார். வாயெல்லாம் பல்.

மாஸ்டர் இன்னொரு ஓட்டை இறக்கினார்.

இறங்கினார். எழுந்தார். "ஆகா" என்றார்.

இன்னொரு ஓட்டை.

இறங்கினார். அங்கே ஒரு நொடி தங்கினார். குதிகால் தரையில்தான் இருந்தது. முட்டி நேராகத்தான் இருந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டு எழுந்தார்.

மாஸ்டர் ஸ்டாப்பர்களை ஒரு ஓட்டை மேலே ஏற்றி, தட்டிப் பார்த்து, கையைத் துடைத்துக்கொண்டார்.

"ஏன் மாஸ்டர்? குதிகால் கெளம்பலயே. முட்டியும் சாயலயே. கண்ணாடியில பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்."

"நான் ஒங்க கால பாக்கவே இல்ல அண்ணாச்சி" என்றார் மாஸ்டர். "ஒங்க சிரிப்பு எந்த ஓட்டை வரைக்கும் கூடப் போயிட்டு வருதுன்னுதான் பாத்தேன்."